எல்லாருக்கும் வாய் இருக்கா?

“அம்மா, கம்ப்யூட்டர் யோசிக்குதா, தூங்குதா?”

மகள் இந்தக் கேள்வியைக் கேட்டபோது அவளுக்கு இன்னும் பால்பல் விழ ஆரம்பிக்கவில்லை. திரையின் நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அம்மா கன்னத்தில் கை வைத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யோசித்துப் பதில் சொல்ல அவளுக்கு வேண்டிய நேரம் இருந்தது. வட்டம் நிற்கிற மாதிரி தெரியவில்லை.

“வெளியிலேருந்து பாத்தா தெரியாது கண்ணு,” என்றாள் கடைசியில். “ரெண்டுக்கும் மூஞ்சி ஒண்ணுதான்.”

அவர்களுடையது முன்னறையில் ஸ்டூடியோ, பின்னறையில் வீடு என்று அமைந்த இடம். நடுவில் ஒரு திரைச்சீலை. திரைச்சீலைக்குப் பக்கத்தில், ஸ்டூடியோவுக்கும் சேராமல் வீட்டுக்கும் சேராமல், அந்தக் கம்ப்யூட்டர் இருந்தது. கணவர் படம் எடுப்பார். தெருவில் எல்லாரும் அவரைப் படக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். மனைவி அந்தப் படங்களை உட்கார்ந்து சரிசெய்வாள்: வெளிச்சம், நிறம், கோணலாக நிற்கும் சுவர், கண்ணை மூடியவர்கள், எல்லாம் அவள் பொறுப்பு.

படக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. பட்டனை அழுத்துவதற்கு முன்னால், எதிரில் நிற்பவர் யாராக இருந்தாலும், உதடு அசையாமல் ‘இவங்க நல்லா இருக்கணும் ஆண்டவனே’ என்று சொல்லிக்கொள்வார். பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்களுக்கும் அதே பிரார்த்தனைதான். இவர் ஏன் இத்தனை நேரம் எடுத்துக்கொள்கிறார் என்று அவர்கள் குழம்பி முழிப்பார்கள். அந்த முழியோடுதான் படம் விழும்.

கம்ப்யூட்டருக்கு வீட்டில் ‘பெரியவர்’ என்று பெயர். காலையில் “பெரியவர் எழுந்தாச்சா?” என்பார் கணவர். “கண்ணத் திறந்தார், மறுபடி படுத்துட்டார்,” என்பாள் மனைவி. ஒருமுறை, வருடாவருடம் இவர்கள் படம் எடுக்கும் பள்ளிக்கூடத்து கிளார்க் படக்காரரோடு போனில் இருந்தபோது, “பெரியவருக்கு உடம்பு கொதிக்குதுங்க, ஃபேன் வச்சிருக்கேன்,” என்று அவள் உள்ளிருந்து சத்தம் போட, கிளார்க் பதறிப்போய் நல்ல டாக்டர் ஒருவரின் நம்பரைக் கொடுத்தார்.

பெரியவரிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க மனைவிக்குப் பிடிக்காது. அதனால் பட்டனை அழுத்தியதும் பிரார்த்தனை செய்ய ஆரம்பிப்பாள். முதலில் கணவர், மகள். பிறகு தம்பி. பிறகு அக்கம்பக்கம், சொந்தக்காரர்கள். அதற்குள் வட்டம் நிற்காவிட்டால் தனக்குப் பிடிக்காதவர்களுக்கும் வந்துவிடுவாள். அந்த வரிசையில் கடைசி ஆள் தெருமுனையில் இருக்கும் லேப்காரர், அதாவது படங்களை அச்சுப்போட்டுக் கொடுப்பவர். பல வருடங்களாக, பெரியவரின் புண்ணியத்தில், ஏறக்குறைய தினமும் லேப்காரருக்கு ஒரு பிரார்த்தனை கிடைத்துக்கொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியாது.

ஒரு வருடம் அந்தப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை படக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“போன வருஷம் மாதிரி லீவு விட்டப்புறம் படத்தக் கொண்டு வந்தீங்கன்னா, வாங்கிக்க ஒரு குழந்தையும் இருக்காது. இந்தத் தடவ கடைசி நாளுக்குள்ள எல்லாக் குழந்தைங்க கையிலயும் படம் இருக்கணும். இல்லன்னா அடுத்த வருஷத்துக்கு வேற ஸ்டூடியோ பாத்துக்கறோம்.”

அந்தப் பள்ளிக்கூடம் இல்லாவிட்டால் முன்னறை இல்லை. முன்னறை இல்லாவிட்டால் பின்னறையும் இல்லை. ஸ்டூடியோவின் வாடகை, வீட்டின் வாடகை எல்லாம் அந்த ஒரு வேலையில்தான் நின்றது. படக்காரர் தலையாட்டிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து பெரியவரைப் பார்த்தார். வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

“புதுசு வாங்கிடலாம்,” என்றார்.

மனைவியிடமிருந்து உடனே தம்பிக்குப் போன் போய்விட்டது.

தம்பியை அந்த வீட்டில் ‘நிபுணர்’ என்பார்கள். குழாய் ஒழுகினாலும், கார் கிளம்பாவிட்டாலும், குழந்தைக்கு இருமல் வந்தாலும் அவரிடம் ஒரு கருத்து இருக்கும். குழாய் பிறகும் ஒழுகும். கருத்து மட்டும் மாறாது.

“அக்கா, நீ கவலையே படாத. கம்ப்யூட்டர்னா அதுக்கு உயிரே கிராஃபிக்ஸ் கார்டுதான். பெருசா வாங்கணும். சும்மா ஜிகுஜிகுன்னு இருக்கணும்.”

“எனக்கு ஜிகுஜிகு வேணாம்டா. ஒரு படத்துலேருந்து அடுத்த படத்துக்குப் போனா, போகணும். நடுவுல நான் கிழவி ஆயிடக் கூடாது. அவ்வளவுதான்.”

“அத்தான், நீங்க சொல்லுங்க.”

“நான் என்னத்தச் சொல்ல மச்சான்? உக்காந்து வேல பாக்கறவ அவ.”

கடைக்குக் கிளம்பும்போது மனைவி கைப்பையில் ஒரு சின்ன டிரைவைப் போட்டுக்கொண்டாள். அதில் போன வருடத்துப் பள்ளிப் படங்கள் அத்தனையும் இருந்தன. நிபுணர் சிரித்தார். “கம்ப்யூட்டர் வாங்கப் போறமா, பொண்ணு பாக்கப் போறமா? எதுக்கு இத்தன போட்டோ?”

“பொண்ணு பாக்கப் போனாகூட ரெண்டு வார்த்த பேசிப் பாப்பாங்கல்ல? அதுக்குத்தான்.”

கடையில் விற்பனையாளர் அவர்களை நேராக ஒரு கண்ணாடிப் பெட்டியிடம் கூட்டிப் போனார். உள்ளே சிவப்பு, பச்சை, ஊதா என்று விளக்குகள் ஓடிக்கொண்டிருந்தன. நிபுணர் கோயில் வாசலுக்கு வந்தவர் போலச் செருப்பைக் கழற்றாத குறைதான்.

“சார், இதுல விளையாடினீங்கன்னா, டிராகன் நெருப்பு கக்கறப்ப அதோட ஒவ்வொரு முடியும் தனித்தனியா தெரியும்.”

“டிராகனுக்கு முடி கிடையாது,” என்றாள் மகள்.

விற்பனையாளர் நிபுணரைப் பார்த்தார். நிபுணர் வாழ்க்கையில் முதல்முறையாகக் கருத்து சொல்லாமல் இருந்தார்.

மனைவி டிரைவைச் செருகி, படங்களைத் திறந்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தட்டித் தட்டிப் பார்த்தாள். வேகமாகத்தான் இருந்தது. ஆனால் விளக்கு ஊதாவானபோது திரையில் இருந்த பிள்ளைக்கும் மஞ்சள்காமாலை போய் ஊதாக்காமாலை வந்தது. படக்காரர் தன் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். புதுப் படக்கருவி எதை வாங்கினாலும் அவர் அப்படித்தான் பார்ப்பார். கைக்குட்டை ரோஜா நிறமாக இருந்தது.

“இது என் கைக்குட்ட இல்ல,” என்றார்.

“லைட்ட அணைச்சிடலாம் சார்.”

“அணைக்கறதுக்கு எதுக்கு வாங்கணும்?” என்றாள் மனைவி.

மூலையில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. விளக்கு இல்லை, கண்ணாடி இல்லை. பார்த்தால் மூடிவைத்த செருப்புப் பெட்டி மாதிரி இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று மனைவி கேட்டாள். நிறைய மெமரி இருக்கிறது, படங்களைச் சேமிக்க வேகமான எஸ்எஸ்டி இருக்கிறது, கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் நடுத்தரம்தான் என்று விற்பனையாளர் சுரத்தில்லாமல் சொன்னார். பக்கத்தில் நிறம் மாறாமல் காட்டும் மானிட்டர் ஒன்றும் இருந்தது. அதில் கைக்குட்டை கைக்குட்டையாகத் தெரிந்தது. ஓரத்தில் இருந்த குழம்புக் கறைகூடத் தெரிந்தது.

மனைவி ஒரு வகுப்பின் படங்கள் முழுவதையும் மொத்தமாகச் சரிசெய்து சேமிக்கச் சொல்லிப் பட்டனை அழுத்தினாள். கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. கண்ணைத் திறந்தாள்.

“முடிஞ்சிடுச்சு,” என்றாள் ஆச்சரியத்தோடு. “தம்பிக்கு வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு.”

“அப்ப எனக்குப் பிரார்த்தன கிடையாதா?” என்றார் நிபுணர்.

மென்பொருள் வாங்கும்போதும் இப்படித்தான் நடந்தது. எல்லாரையும் தானாகவே அழகாக்கும் ஒன்றை நிபுணர் சிபாரிசு செய்தார். சோதனைக்குப் படக்காரரின் படத்தைக் கொடுத்தார்கள். மீசையை மெலிதாக்கி, கண்ணைப் பெரிதாக்கி, கன்னத்தில் சிவப்புத் தடவி அது திருப்பிக் கொடுத்தது. மனைவி நெடுநேரம் பார்த்தாள்.

“என் சின்னத் தங்கச்சி மாதிரி இருக்கீங்க.”

அது வேண்டாம், வேறு இரண்டு மென்பொருள் வாங்கலாம் என்று முடிவாயிற்று. ஒன்று, ஆயிரக்கணக்கான படங்களை வரிசையாகப் பார்த்து, நல்லதைப் பொறுக்கி, ஒரே மாதிரித் திருத்தத்தை எல்லாவற்றுக்கும் மொத்தமாகப் போடுவதற்கு. இன்னொன்று, ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து நுணுக்கமாகத் தேய்ப்பதற்கு. இந்த இரண்டு மட்டும் போதும் என்றாள். “இதுல முதல் ஒண்ணுதான் நமக்குச் சோறு போடும். ரெண்டாவது எப்பவாவது.”

கறுப்புப் பெட்டி வீட்டுக்கு வந்தது. பெரியவரை மூலையில் வைத்து மகள் ஒரு துண்டைப் போர்த்திவிட்டாள். “இப்ப நிஜமாவே தூங்கறார்,” என்றாள்.

படக்காரர் பள்ளிக்கூடத்துக்குப் போய் வரிசையாக எல்லாரையும் எடுத்தார். ஒரே நாற்காலி, ஒரே நீலத்திரை, ஸ்டாண்டில் அசையாமல் நிற்கும் ஒரே கேமரா. குழந்தைகள் வந்து உட்கார்ந்து போனார்கள். கடைசியில் ஆசிரியர்கள். கடைசிக்கும் கடைசியில் தலைமையாசிரியை. ஒவ்வொருவருக்கும் ஒரு பிரார்த்தனை. சாயங்காலம் அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. வாயைத் திறந்து ஒரு பிரார்த்தனைகூடச் சொல்லவில்லையே என்று மனைவி கேட்டாள். “மனசுலயும் தொண்ட இருக்கு,” என்றார்.

படங்கள் வந்திறங்கிய மறுநாள் மதியம், மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து மகளைக் கூட்டிவரக் கிளம்பினாள். “எதையும் தொடாதீங்க,” என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

படக்காரர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் படம் ஒன்றாம் வகுப்பின் ஒரு சின்னப் பெண். அவள் நெற்றியின் நட்டநடுவில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. கொழுத்த ஈ. அவர் கறை நீக்கும் கருவியை எடுத்து, ஈ மேல் தாராளமாக ஒரு பெரிய வட்டம் போட்டார். அது பக்கத்துத் தோலை எடுத்து மேலே ஒட்டியதும், ஈ போன இடம் தெரியாமல் ஆயிற்று. பிறகு வெளிச்சத்தைச் சரிசெய்தார், நிறத்தைச் சரிசெய்தார். மனைவி செய்வதைப் பார்த்திருக்கிறாரே, இந்தத் திருத்தத்தை அப்படியே எல்லாப் படங்களுக்கும் போடும் பட்டன் ஒன்று உண்டு. அதை அழுத்தினால், வெளிச்சமா, நிறமா, கறை நீக்கமா, எதெதைப் போட வேண்டும் என்று சின்னச் சின்னக் கட்டங்கள் வரும். பெரியவர் காலத்தில் கறை நீக்கக் கட்டத்தை யாரும் தொட்டதில்லை. தொட்டால் அவர் படுத்துவிடுவார். அதனால் அதைத் தொடக் கூடாது என்பதற்கு வேறு காரணமும் உண்டு என்று அந்த வீட்டில் யாரும் யோசித்ததில்லை.

படக்காரர் எல்லாக் கட்டங்களையும் டிக் செய்தார். புது கம்ப்யூட்டர் ஆயிற்றே, எதற்குக் கஞ்சத்தனம்?

ஒரு வாய் தேநீர் குடித்து டம்ளரைக் கீழே வைப்பதற்குள் பள்ளிக்கூடம் முழுவதும் முடிந்துவிட்டது. பெரியவராக இருந்தால் பாதியிலேயே மூச்சு வாங்கி நின்றிருப்பார். யாராவது வந்து எட்டிப் பார்த்திருப்பார்கள். நல்லதை வேகமாகச் செய்யும் கருவி தப்பையும் அதே வேகத்தில்தான் செய்கிறது. நடுவில் நின்று, ‘ஐயா, நிஜமாவா சொல்றீங்க?’ என்று அது கேட்பதில்லை.

மனைவி வந்து முதல் இரண்டு வகுப்புகளைப் பார்த்தாள். “பரவால்லையே! நல்லாப் பண்ணிருக்கீங்களே!”

அவள் மேல்வகுப்புகளையும் பார்க்கப் போனாள். அதற்குள் வந்து சேர்ந்திருந்த நிபுணர், “இன்னும் ஒவ்வொண்ணா பாக்கப் போறியா? அதெல்லாம் பழைய காலம்க்கா. லேப் மூடறதுக்குள்ள அத்தான் குடுத்துட்டு வரட்டும்,” என்றார். படங்கள் டிரைவில் ஏறின.

லேப்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிரிப்பதற்கென்று ஆண்டவன் கொடுத்த தசைகளை அவர் முறைப்பதற்கு மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டார் போலிருந்தது. தெருவில் அவருக்கு ‘முறைப்பு’ என்று பெயர். ஒரு சொல்லில் முடிகிற இடத்தில் இரண்டு சொல் பேச மாட்டார். அவர் நாற்காலிக்குப் பின்னால், சுவரில், கண்ணாடி போட்ட பழைய படம் ஒன்று தொங்கியது. ஒரு அப்பா நின்றுகொண்டிருக்க, பக்கத்தில் முக்காலியில் ஒரு சின்னப் பையன். சுவரின் ஈரம் ஏறி, பையனின் மூக்குக்குக் கீழே வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தது. அந்தப் பையன்தான் லேப்காரர் என்று முழியைப் பார்த்தாலே தெரியும். முறைப்பு அப்போதே இருந்தது போலிருக்கிறது என்று படக்காரர் நினைத்துக்கொள்வார்.

“வை,” என்றார் லேப்காரர்.

வைத்தார்.

“நாளைக்கு.”

மறுநாள் காலை போனபோது லேப்காரர் டிரைவைக் கையிலேயே வைத்திருந்தார்.

“மெஷின் ரிப்பேர்.”

படக்காரர் பதறினார். “ஐயோ, நாளைக்கு அவங்களுக்குக் கடைசி நாளுங்க. நாளைக்கு நான் குடுக்கலன்னா...”

“நாளைக்குக் கார்த்தால குடு. மதியத்துக்குள்ள போட்டுத் தரேன்.” அவர் வரையில் அது ஒரு சொற்பொழிவு. டிரைவை நீட்டினார். பிறகு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, இன்னும் கடுமையாக முறைத்தபடி சொன்னார்: “டிரைவ்ல ஏதோ தகராறு மாதிரி இருக்கு. வீட்ல போயி எல்லாத்தையும் ஒருவாட்டி திறந்து பாரு. கடைசிலேருந்து.”

படக்காரர் வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தார். “ஊர்ல யாருக்கும் ரிப்பேர் ஆகாத மெஷின் எனக்குன்னு ரிப்பேர் ஆகுது. அதுல என் டிரைவ் மேல பழி வேற. அந்த மூஞ்சிக்கு மெஷின் ஓடினாத்தான் அதிசயம்.”

மனைவி டிரைவைச் செருகினாள்; ராத்திரி அங்கேயே தங்கிவிட்ட நிபுணரும், சின்ன வகுப்பு என்பதால் அன்று லீவில் இருந்த மகளும் எட்டிப் பார்த்தார்கள். கடைசியிலிருந்து திறந்தாள்.

தலைமையாசிரியை தெரிந்தார். கண்ணாடி, மூக்கு, முகவாய் எல்லாம் இருந்தன. மூக்குக்கும் முகவாய்க்கும் நடுவில் வழவழவென்று கன்னத்துத் தோல் இருந்தது. வாய் இல்லை.

மகள்தான் முதலில் கேட்டாள். “டீச்சர் இனிமே எப்படித் திட்டுவாங்க?”

மனைவி அடுத்ததைத் திறந்தாள். விளையாட்டு ஆசிரியருக்கு விசில் இருந்தது, ஊத வாய் இல்லை. பத்தாம் வகுப்பில் யாருக்கும் வாய் இல்லை. ஒன்பதில் இல்லை. நடுவகுப்புப் பிள்ளைகளுக்கு மூக்கு போயிருந்தது. கீழே வர வர அது நெற்றிக்கு ஏறி, ஒன்றாம் வகுப்பில் ஒன்றும் தெரியாமல் போயிற்று. நாற்காலி ஒன்று, கேமரா ஒன்று. குட்டிப் பெண்ணின் நெற்றி இருந்த உயரத்தில் பெரியவர்களின் வாய் இருந்தது. ஒரு ஈயை விரட்டப்போய்ப் படக்காரர் பள்ளிக்கூடத்தையே ஊமையாக்கிவிட்டார்.

“கறை நீக்கத்தையுமா டிக் பண்ணீங்க?”

“எல்லாத்தையும் பண்ணேன்,” என்றார் படக்காரர் ஈனக்குரலில். “நல்லதுதானேன்னு...”

“நான் அப்பவே ஒவ்வொண்ணா பாக்கச் சொன்னேன்,” என்றார் நிபுணர்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். நிபுணர் தேநீர் போட உள்ளே போனார்.

நல்லவேளையாக அந்த மென்பொருள் அசல் படத்தில் கை வைப்பதில்லை. திருத்தத்தைத் தனியாக மேலேதான் வைத்திருக்கும். மனைவி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, கறை நீக்கத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னாள். தேநீர் கொதிப்பதற்குள் பள்ளிக்கூடத்துக்கு வாய் திரும்பி வந்தது. ஈயும் திரும்பி வந்தது. அதை மட்டும் தனியாக விரட்டினாள்.

“ஆனா இந்தத் தடவ ஒவ்வொண்ணா பாத்துட்டுத்தான் அனுப்பறோம்,” என்றாள். “எல்லாரும் உக்காருங்க.”

அன்று மதியம் முழுவதும் நான்கு பேரும் திரைக்கு முன்னால் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். மனைவி தட்டுவாள். மற்றவர்கள் சொல்வார்கள்.

“வாய் இருக்கு.”

“வாய் இருக்கு.”

“இருக்கு. கொஞ்சம் பெருசாவே இருக்கு.”

“இவனுக்கு?”

“இருக்குடா, உள்ள இழுத்து வச்சிருக்கான்.”

“இது வாயா, மிட்டாயா?”

“ரெண்டும்.”

வீட்டு வாசலில் வந்து நின்ற பால்காரர் இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சத்தமில்லாமல் பாலை வைத்துவிட்டுப் போனார். தலைமையாசிரியையின் படம் வந்தபோது நான்கு பேரும் ஒரே குரலில், “வாய் இருக்கு!” என்று கைதட்டினார்கள். அந்த வாய்க்கு அதற்கு முன்னால் அப்படி ஒரு வரவேற்பு கிடைத்திருக்காது.

மறுநாள் காலையில் படக்காரர் லேப் திறக்கும் முன்பே போய் நின்றார். லேப்காரர் டிரைவை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். முதலில் தலைமையாசிரியையின் படத்தைத்தான் திரையில் திறந்தார். பார்த்தார். மெஷினை ஓட்டினார்.

“ரிப்பேர் சரியாயிடுச்சுங்களா?” என்றார் படக்காரர்.

“ம்.”

வரிசையில் நின்ற ஒரு அம்மாள், “எந்த மெஷினு? நேத்து மதியம்கூட என் தங்கச்சி மக படமெல்லாம் போட்டுக் குடுத்தாரே. சும்மா கடகடன்னு ஓடுச்சே,” என்றாள்.

படக்காரர் லேப்காரரைப் பார்த்தார். லேப்காரர் அந்த அம்மாளை முறைத்தார். படக்காரருக்கு எல்லாம் மெதுவாக, பெரியவர் திறக்கிற வேகத்தில், விளங்கியது. மெஷினுக்கு ஒன்றுமில்லை. படத்தைத் திறந்து பார்த்திருக்கிறார், நிறுத்தியிருக்கிறார். கடைக்கு வந்தவர்கள் அத்தனை பேர் முன்னால் வாயில்லாத படத்தைத் தூக்கிக் காட்டிச் சிரித்திருக்கலாம். இல்லை, பேசாமல் அச்சுப்போட்டுக் காசை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அதை விட்டு, தன் மெஷின் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

“ஐயா...” என்று ஆரம்பித்தார்.

“பின்னாடி ஆள் நிக்குது,” என்றார் லேப்காரர். “நகரு.”

மதியச் சாப்பாட்டுக்குக்கூட அவர் மெஷினை விட்டு நகரவில்லை. பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் எல்லாக் குழந்தைகள் கையிலும் படம் இருந்தது. தலைமையாசிரியை தன் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“நல்லா வந்திருக்கு. அடுத்த வருஷமும் நீங்களே வந்துடுங்க. எனக்கு மட்டும் வாய் கொஞ்சம் பெருசா தெரியுதோ?”

“இருக்கட்டும் மேடம்,” என்றார் படக்காரர் மனமுருக. “இருக்கறதே பெருசு.”

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், “நீ எல்லாருக்கும் வேண்டிக்குவியே, அந்த லேப்காரர் இப்பவும் கடைசிலதான் இருக்காரா?” என்று கேட்டார்.

“கடைசியிலயா? புது கம்ப்யூட்டர் வந்ததுலேருந்து அவருக்கு முறையே வரல. யாருக்குமே வரல. உங்க பேர முடிக்கறதுக்குள்ள வேல முடிஞ்சிடுது.”

“அப்ப வரிசைய மாத்து. அவர முதல்ல வை.”

ஏன் என்று அவள் கேட்டாள். மெஷின் விஷயத்தைச் சொன்னார். அவள் மூலையில் துண்டு போர்த்திக் கிடந்த பெரியவரைப் பார்த்தாள்.

“அன்னிக்குப் பாப்பா கேட்டாளே, யோசிக்குதா தூங்குதான்னு. வெளியிலேருந்து பாத்தா தெரியாதுதான்,” என்றாள்.

அதற்கடுத்த வாரம், ஒரு சின்ன வேலையாக லேப்புக்குப் போனபோது, லேப்காரர் உள்ளறையில் காகிதம் எடுக்கப் போயிருந்தார். படக்காரர் கேமராவை எடுத்துச் சுவரில் இருந்த பழைய படத்தை, கண்ணாடியில் வெளிச்சம் விழாத கோணமாகப் பார்த்து, ஒருமுறை எடுத்துக்கொண்டார். வழக்கம்போல மனசுக்குள் வேண்டிக்கொண்டுதான் எடுத்தார்.

மனைவியும் மகளும் கடைத்தெருவுக்குப் போன மதியங்களில் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எப்போதாவது பயன்படும் என்று வாங்கிய இரண்டாவது மென்பொருளில் திறந்தார். இந்தப் படத்துக்கு மொத்தமாகப் போடும் பட்டன் எதுவும் உதவாது. கறுப்புப் பெட்டியின் வேகத்துக்கும் இங்கே வேலையில்லை. அது அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தது. தானாகச் சரிசெய்யும் கருவி, தட்டினால் ஒரு நொடியில் ஏதோ ஒரு வாயை வரைந்து கொடுத்திருக்கும். அவர் அதைத் தொடவில்லை. யாரோ ஒருவருடைய வாயை அந்தப் பையனுக்கு வைக்க அவருக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு நிறமாகக் கூட்டிக் குறைத்துப் பார்த்ததில், வெள்ளைப் பூப்புக்கு அடியில் மங்கலாகக் கோடுகள் தெரிந்தன. இருக்கிற கோட்டை மட்டும் எடுத்து, இல்லாததைச் சேர்க்காமல், பூஞ்சையைப் பொடிப்பொடியாகத் தேய்த்து எடுத்தார்.

உதடு வந்தது. அது கீழே வளையவில்லை, மேலே வளைந்தது. பல் வந்தது. முன்பல் இரண்டு இல்லை. பையன் சிரித்துக்கொண்டிருந்தான். முழி அப்படி விரிந்தது முறைப்பில் இல்லை. அன்று படம் எடுத்தவர் ஏதோ சொல்லியிருக்கிறார், இவன் வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறான்.

படக்காரர் தானும் சிரித்துவிட்டார்.

அதை அந்த லேப்பில் அச்சுப்போட முடியாதே. மூன்று தெரு தள்ளி வேறொரு லேப்புக்குப் போய், எங்கே தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டே அச்சுப்போட்டு வாங்கி வந்தார்.

லேப்காரர் மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது கதவைச் சாத்துவார், பூட்ட மாட்டார். அப்படி ஒரு மதியம் படக்காரர் உள்ளே நுழைந்தார். தெரு வெயிலில் வெறிச்சோடியிருந்தது. நாற்காலி மேல் ஏறிப் படத்தைக் கழற்றினார். பின்பலகையை எடுத்து, புதுப் படத்தை முன்னால் வைத்து, பழையதைப் பத்திரமாக அதன் பின்னாலேயே வைத்து மூடினார். மறுபடி ஈரம் ஏறாமல் இருக்க, சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு தக்கைத் துண்டுகளை ஒட்டினார். மாட்டினார். கோணலாக இருந்தது. நேராக்கினார்.

இறங்கும்போது பார்த்தால், எங்கிருந்தோ வந்த ஒரு ஈ கண்ணாடியில், சரியாகப் பையனின் வாய் மேல் உட்கார்ந்திருந்தது.

படக்காரர் மறுபடி நாற்காலியில் ஏறினார். கைக்குட்டையை எடுத்து, மெதுவாக வீசி, இந்தத் தடவை கையாலேயே அதை விரட்டினார். பிறகு நாற்காலியைத் துடைத்து இருந்த இடத்தில் போட்டுவிட்டு, கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.